பஞ்சாமிர்தம் கிடைக்காதவர் யார்?

டயாலிசிஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் இயந்திரத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. இப்போது வருகிற இயந்திரங்கள் நான் ஓட்டியவற்றைவிட விவரமானவை, நீங்களும் அப்படியே. நான் சொல்ல நினைப்பது நம் கட்டிலில் படுத்திருப்பவர்களைப் பற்றி. அதிலும் குறிப்பாக, அவ்வளவு கஷ்டத்திலும் அவர்கள் சாமிக்கு நன்றி சொல்வதைப் பற்றி. நம் பாடத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் ஒருமுறை இதனால்தான் எங்கள் பிரிவில் ஓர் உயிர் போகப் பார்த்தது. அதற்காக நான் நன்றியை வெறுத்துவிடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அவர்களுடைய கஷ்டம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை கையில் ஊசி குத்திக்கொள்வது அல்ல. அது பழகிவிடும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஆட்களுக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு புதிதில்லை. ஆனால் வீட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்கக் கூடாது என்பது வேறு மாதிரியான தட்டுப்பாடு. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் தேங்கி, கடைசியில் நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும். அதனால் நாள் முழுவதற்கும் சின்னப் பாட்டில் ஒன்றுதான். பழம் வேண்டாம், இளநீர் வேண்டாம், கீரை வேண்டாம், உப்பு வேண்டாம் என்று நாமும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே இருப்போம்.

காதர் பாய் என்று ஒருவர் திருச்சுழிப் பக்கமிருந்து வருவார். வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். தன் பங்குத் தண்ணீரைப் பாட்டில் மூடியில் ஊற்றி, நாக்கில் நிறுத்தி, மெதுவாக விழுங்குவார். ஒவ்வொரு மூடிக்கும் அல்லாவுக்கு ஒரு நன்றி: "அல்ஹம்துலில்லாஹ்." புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி சிரித்துவிட்டாள்.

"இத்தனூண்டு தண்ணிக்கா பாய்?"

"லாரியில கேன் கேனாக் குடிச்சேம்மா. அப்ப ஒரு தடவகூடத் தோணல. இப்ப மூடி மூடியாத் தோணுது."

அவர் உபதேசமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.

இந்தக் கதைக்கு உரியவர் வெங்கிடசாமி. பாளையம்பட்டியில் விசைத்தறி ஓட்டியவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் நம்மைப்போல் தமிழ். இரண்டு முறை கையில் பிஸ்டுலா அறுவை செய்து, இரண்டும் அடைத்துக்கொண்டன. உங்களுக்குத் தெரியும், ரத்தம் எடுக்கிற அந்த இணைப்பு சரியாக ஓடினால் விரலை வைத்தால் அதிரும், காதை வைத்தால் இரையும். மூன்றாவது முறை மதுரையில் செய்தார்கள். ஆறி வந்த அன்று கையை என் காதுக்கு நேராகத் தூக்கினார்.

"கேட்டுப் பாருங்க சார். உள்ள தறி ஓடுது!"

கழுத்தில் குழாயோடு மாதக்கணக்கில் குளிக்கக்கூட முடியாமல் இருந்த மனிதர். அவர் மனைவி ராமலட்சுமி பக்கத்தில் நின்று அழுதுகொண்டே சிரித்தார். "வீட்டுத் தறியெல்லாம் நின்னுபோச்சு. இதாச்சும் ஓடட்டும்" என்றார். இந்தக் கை ஓடினால் அம்மனுக்குப் பஞ்சாமிர்த அபிஷேகம் செய்வதாக அவர்கள் நேர்ந்திருந்தார்கள். எங்களில் யாருக்கும் அது தெரியாது. நாங்கள் யாரும் கேட்டதில்லை.

எதையும் மாதம், கிழமையோடு நினைவில் வைப்பது என் பழக்கம். அது கொரோனா ஓய்ந்ததற்கு அடுத்த வருஷத்துக் கார்த்திகை, ஒரு திங்கட்கிழமை. முந்தைய வாரம் மல்லாங்கிணறு பக்கம் நல்ல மழை. அருப்புக்கோட்டையில் ஒரு தூறலோடு சரி. எங்களிடம் இருந்தது ஐந்து இயந்திரம். காலை முறையில் ஐந்து பேரையும் ஏற்றிப் பாதி நேரம் ஆகியிருந்தது. வெங்கிடசாமிக்கு மதிய முறை. வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் ரத்தம் சுத்தமாகவில்லை. வாரத்தின் நீண்ட இடைவெளி அது. நீங்கள் எப்போதும் பயப்பட வேண்டிய இடைவெளியும் அதுதான்.

ராமலட்சுமி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "சார், இவுக எந்திரிக்க மாட்டேங்குறாக. காலு வரலங்குறாக."

வராந்தா பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் பயமே இல்லை. புதுச் சட்டை, நெற்றி நிறையக் குங்குமம்.

"ஒண்ணுமில்ல சார். காலு மரத்துப்போச்சு. ராத்திரி சரியாத் தூங்கல, அந்த அசதிதான்."

நாடி பிடித்தேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் காத்திருக்க வேண்டியிருந்தது. பிடித்த என் விரல் அவர் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. பிசுபிசுப்பு.

"என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல சார்."

"கை ஒட்டுதே?"

"அது பிரசாதம்."

இதை மறக்காதீர்கள். நம் ஊரில் பிரசாதம் சாப்பாட்டில் சேராது. அவர் பொய் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன், இல்லை என்றார்.

பெஞ்சுக்கு அடியில் பெரிய தூக்குவாளி இருந்தது. வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, உலர்திராட்சை. நம் ஆட்களுக்கு ஆகாத, உடம்பில் ஏறினால் கைகாலை முடக்கி இதயத்தையே நிறுத்திவிடுகிற பொட்டாசியத்தை ஒரே பாத்திரத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்று யோசித்தால்கூட இதைவிட நன்றாகச் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை அபிஷேகம். அன்றே ஒரு டம்ளர். திங்கள் காலையில் வாளியோடு முதல் ஆளாக வந்து, காலை முறைக்காரர்களுக்குத் தொன்னையில் கொடுத்திருக்கிறார். உள்ளே நாங்கள் இயந்திரம் தயார் செய்துகொண்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. மீதியை என்ன செய்வது? கீழே கொட்டக் கூடாது. வழித்துச் சாப்பிட்டுவிட்டார்.

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் டாக்டரம்மா முகம் மாறியது. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர், ஆனால் கை நடுங்காதவர். கால்சியம், இன்சுலின் என்று வரிசையாகப் போட்டார். ஊசிகள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வைக்கும், அவ்வளவுதான். பொட்டாசியத்தை வெளியே எடுக்க இயந்திரம்தான் வேண்டும். மதுரைக்கு அனுப்பினால் வழியிலேயே இதயம் நின்றுவிடலாம்.

"சார், ஒரு மெஷின் வேணும். இப்பவே. யாரை இறக்கலாம்னு நீங்க சொல்லுங்க" என்றார்.

ஐந்து பேரையும் எனக்குத் தெரியும். மனசுக்குள் உடனே வந்த பெயர் காதர் பாய். அவருக்குத்தான் அதிக நேரம் முடிந்திருந்தது. உடம்பில் நீர்த் தேக்கம் இல்லை. முக்கியமாக, கோயில் பிரசாதம் சாப்பிட்டிருக்க மாட்டார். அதுதானே கேள்வி? பஞ்சாமிர்தம் சாப்பிட்ட ஒருவரைப் பாதியில் இறக்கினால், சாயங்காலம் அவருக்கும் இதே கதை. சாப்பிடாதவரைத்தான் இறக்க வேண்டும்.

வாய்வரை வந்த பெயரை எது நிறுத்தியது என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை, 'அது பிரசாதம்' என்ற அந்தப் பதில் காதில் இருந்ததால் இருக்கலாம். ஒரு தடவை நம் கேள்வி தப்பாக இருந்தது. மறுபடியும் நாமே பதிலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றியது.

வெங்கிடசாமியிடமே கேட்டேன். "யார் யாருக்குக் குடுத்தீங்க?"

"எல்லாருக்கும் குடுத்தேன் சார்" என்றார், திருப்தியோடு.

ராமலட்சுமியைப் பார்த்தேன். "நான் பாக்கல சார். நான் பூ வாங்கப் போயிட்டேன்" என்றார். பூச்சரம் இன்னும் கையிலேயே இருந்தது.

உள்ளே போய், "யாரெல்லாம் சாப்பிட்டீங்க?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? ஐந்து பேரும் "இல்ல சார்." உணவு விஷயத்தில் நாம் திட்டித் திட்டி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். பயந்து சொல்கிற பதிலை நம்பி யாரையும் இறக்க முடியாது. அப்படியானால் பயமில்லாமல், தானாகவே உண்மை வாயில் வருகிற மாதிரி என்ன கேட்பது?

தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். "பஞ்சாமிர்தம் யாருக்குக் கிடைக்கல?"

ஊசியில்லாத கை ஒன்று உடனே மேலே போனது. எம்.ரெட்டியபட்டி பேச்சியம்மாள்.

"எனக்கு! எனக்குத்தான் குடுக்கல சார். எல்லாருக்கும் தொன்னை தொன்னையா ஊத்திட்டு, என்னையப் பாத்ததும் வாளிய மூடிட்டாரு. போன வாரம் மத்தியான முறைக்கு வந்தப்ப காத்தாடிக்குக் கீழ உள்ள கட்டில்ல நான் படுத்துட்டேன்ல, அந்தக் காந்தல். சாமி காரியத்துலயுமா வஞ்சம் வைப்பாக?"

மற்ற மூவரும் விட்டத்தைப் பார்த்தார்கள். நான் காதர் பாயைப் பார்த்தேன்.

"பாய், உங்களுக்கு?"

"எனக்கு ரெண்டு தொன்னை வந்துச்சு தம்பி" என்றார் கூச்சத்தோடு. "சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே எனக்குன்னு தனி டப்பாவுல எடுத்து வச்சிருக்காரு. 'பாய், இது இன்னும் படைக்கல, நீங்க தாராளமாச் சாப்பிடலாம்'ங்குறாரு. அவ்வளவு யோசிச்சுக் கொண்டாந்த மனுசன்கிட்ட வேணாம்னு எப்படிச் சொல்றது?"

 என் கணிப்புப்படி போயிருந்தால் இரண்டு தொன்னை சாப்பிட்டவரை இறக்கியிருப்பேன்.

பேச்சியம்மாளின் கட்டிலுக்குப் போனேன். கால் வீக்கம் பார்த்தேன், மூச்சைக் கேட்டேன், ரத்த அழுத்தம் பார்த்தேன். இன்று நிறுத்திவிட்டு நாளை மறுபடி ஏற்றலாம், அவருக்கு ஆபத்தில்லை.

"பஞ்சாமிர்தம் குடுங்க, வாளிய வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே நிக்கிறீக?"

"வாளி காலிம்மா."

"காலி வாளியத் தூக்கிட்டு வந்தா கேட்டீக!"

விஷயத்தைச் சொன்னேன். மறைக்கவில்லை. வெங்கிடசாமியின் இதயம் எந்த நேரமும் நிற்கலாம், ஓர் இயந்திரம் வேண்டும், உங்களை இறக்கினால்தான் முடியும், ஆனால் இது உங்கள் முறை, நீங்கள் மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த எனக்கு உரிமையில்லை.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. சம்மதித்ததாகச் சொன்னால் கதை அழகாக இருக்கும். அவர் சொன்னது இது:

"தின்னது அவரு. எறங்குறது நானா? நாளைக்கு மறுபடி வரணும்னா மக வேலைக்குப் போகாம என்னையக் கூட்டியாரணும். ரெட்டியபட்டியிலருந்து ஷேர் ஆட்டோக்காரன் ஆள் சேர்ற வரைக்கும் நகர மாட்டான். நான் வாயக் கட்டி வயித்தக் கட்டி இருந்ததுக்கு இதான் கூலியா?"

நியாயமான கேள்வி.  டாக்டரம்மா வாசலில் இருந்து என்னைப் பார்த்தார். நான் பேசாமல் நின்றேன். இந்த மாதிரி நேரத்தில் பேச்சை நிறுத்துவதும் நம் வேலையில் ஒரு பகுதி. ஏற்கெனவே கேட்டாயிற்று. மேலே பேசினால் அது மிரட்டல்.

கதவு திறந்திருந்தது. வராந்தாச் சுவரோரம் ராமலட்சுமி பூச்சரத்தோடு நின்றது பேச்சியம்மாளுக்குத் தெரிந்தது. 

"அவ எதுக்கு நின்னுக்கிட்டே இருக்கா? உக்காரச் சொல்லுங்க அவள" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மெஷினுல போட்டாப் பொழைச்சுக்குவாரா?"

"பொழைச்சுக்குவார்னு நம்புறேம்மா."

"அப்பக் கழட்டுங்க. காத்தாடிக் கட்டிலு இனிமே எனக்குத்தான், சொல்லிப்புட்டேன்."

அவருடைய ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி ஏற்றி, இயந்திரத்தைக் கழுவி, வெங்கிடசாமியின் கையில் ஊசி போடும் வரை டாக்டரம்மா மானிட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கையும் ஏமாற்றவில்லை. விரல் வைத்தேன், அதிர்வு இருந்தது. மணி நகர நகர, ஈ.சி.ஜி.யில் கூராக நின்ற அலைகள் மெல்லத் தணிந்தன. நாடிக்காக நான் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆனது. சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு அவர் கால் கட்டைவிரலை ஆட்டினார். டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

வெங்கிடசாமி என்னைக் கிட்டே கூப்பிட்டார். "சார், பேச்சியம்மாளுக்கு மட்டும் நான் குடுக்கல. எல்லாருக்கும்னு சொன்னது பொய்."

"தெரியும்."

"அவுக எங்க?"

பேச்சியம்மாள் போகவில்லை. பஸ் இல்லை என்று சொல்லிக்கொண்டு, பஸ்கள் போகிற சத்தம் கேட்கிற வராந்தாவிலேயே ராமலட்சுமியோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எனக்குக் குடுத்திருந்தா இந்நேரம் நீரு எங்க இருப்பீரு? நல்லவேளை, புத்தியில்லாம வாளிய மூடுனீரு!"

இரண்டு தொன்னைக்காகக் கூடுதல் நேரம் ஓட்டியதால் அடுத்த கட்டிலிலேயே இருந்த காதர் பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் பாட்டில் மூடியை எடுத்தார். "அல்ஹம்துலில்லாஹ். இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் போட்ட சண்டைக்கும் சேத்து." அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. நான் கோயிலுக்குத் தவறாமல் போகிறவனும் அல்ல. ஆனாலும் கைகழுவும் குழாயடியில் நின்று, ஒரு காத்தாடிச் சண்டைக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். வேறு எதற்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எல்லோருக்கும் நிம்மதி வந்தது, ராமலட்சுமியைத் தவிர. ஆபத்து இருக்கும்வரை சிலையாக நின்றவருக்கு, அது போனபிறகுதான் கோபம் வந்தது. பூச்சரத்தை ஜன்னல் கம்பியில் எறிந்துவிட்டுப் பேசினார்.

"தறி போச்சு, தாங்கிக்கிட்டோம். ரெண்டு தடவ கைய அறுத்து வீணாப்போச்சு, தாங்கிக்கிட்டோம். ஒரு நல்லது நடந்துச்சேன்னு நன்றி சொல்லப் போனா, அதுக்கும் அடியா? இனிமே அந்தக் கோயில் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

"நாந்தானடி தின்னேன்" என்றார் வெங்கிடசாமி படுத்தபடியே. "சாமியா வந்து ஊட்டி விட்டுச்சு?"

"நீங்க பேசாதீக."

 வெங்கிடசாமிக்கு உயிர் திரும்பிவிட்டது. ஆனால் நேற்றுவரை இரண்டு பேராகச் சொன்ன நன்றியை இனி அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்குமோ என்ற கவலை முகத்தில் தெரிந்தது.

அன்று சாயங்காலமே டாக்டரம்மா, பிரசாதம் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று எழுதி ஒட்டிவிடலாமா என்று கேட்டார். ஒட்டினால் வெளியில் சாப்பிட்டுவிட்டு உள்ளே வருவார்கள், நமக்குத் தெரியாமல் போகும் என்றேன். அதற்குப் பதிலாக அன்று முதல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். எடை பார்க்கும்போதே, "என்ன நேந்திருக்கீங்க?" என்று கேட்போம். எடை கேட்பதைப்போலவே சாதாரணமாக. கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. ஒருவர் இளநீர் அபிஷேகத்துக்கு நேர்ந்திருந்தார். ஒருவர் பிஸ்டுலா உள்ள கையிலேயே காப்புக் கட்டிக்கொள்ள இருந்தார். இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று அடைத்துப்போகும். யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காப்பை அடுத்த கைக்கு மாற்றினோம். இளநீரை அபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். நாம் பிடுங்கி வைத்திருக்கிற சாமான்களோடு இந்த நன்றியையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் அடுத்த முறைக்கு வந்து சேர்கிறார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பேச்சியம்மாள் மகளோடு வந்து காத்தாடிக் கட்டிலில் படுத்துவிட்டார். வெங்கிடசாமியை வீட்டுக்கு அனுப்பினோம். மெதுவாக, ஆனால் சொந்தக் காலில் நடந்தார். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு ராமலட்சுமி முன்னால் போனார். நான் வாசல்வரை கூடப் போனேன்.

"சார், பழம் வேணாம், சர்க்கரை வேணாம். சரி. அப்ப எதை வச்சு நான் சாமிக்குச் சொல்றது?" என்று கேட்டார் வெங்கிடசாமி.

"வாயால சொல்லுங்க."

"வாயால மட்டும் சொன்னாப் போதுமா?"

 தெரியாது என்றே சொன்னேன்.

முன்னால் போன ராமலட்சுமி நின்றார். திரும்பாமலேயே, "ஆட்டோக்காரன்கிட்டக் கோயில் வழியாப் போகச் சொல்லுங்க" என்றார்.

"நீதான் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னியே?"

"மிதிக்க மாட்டேன்னுதான சொன்னேன். நன்றி சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? நீங்க உள்ள போங்க. நான் ரோட்டுல நின்னு சொல்லிக்கிறேன்."